முப்பது அங்குலம்

கடைக்காரர் அதைச் சுவரிலிருந்து இறக்கவே இல்லை.
"அது பள்ளிப் பிள்ளைகளுக்கு, மேடம்.
வளர்ந்தவர்களுக்கு முப்பத்து நாலு."

எனக்கு நாற்பத்து மூன்று வயது.
உயரம் நாலே முக்கால் அடி.
இதற்குமேல் வளரும் உத்தேசம் இல்லை.

பெயர் மாற்றிய பிறகும் நாங்கள்
கிரே தெரு என்றே சொல்லும் தெருவில்
இரண்டாம் மாடி. கீழே மசாலா அரைக்கும் கடை.
அங்குள்ள கிட்டார்களுக்கெல்லாம் தும்மல் வருகிற வாசம்.

பதினாறு வருடமாக நான் வாசித்தது
கொழுந்தன் பெர்த்துக்குக் குடியேறியபோது
எடை கூடுதல் என்று விட்டுப்போன நீள பேஸ்.
அதில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவதுக்குச்
சுண்டுவிரலை அனுப்புவது
ஒருவரை வெளியூர் அனுப்புவது மாதிரி.
போய்ச் சேர்ந்த சேதி
தாமதமாகத்தான் வரும்.

பகலில் மருந்துக்கடை. மாத்திரை எண்ணுவேன்.
சனி இரவு கல்யாண மண்டபம்:
மெர்பேங்க், ஃபீனிக்ஸ், சில வாரம் வெருலம்.
ஞாயிறு காலை டீ கப்பை
இரண்டு கையாலும் தூக்குவேன்.
டாக்டர் மூட்லி மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து
"இரண்டில் ஒன்றை விடு" என்றார்.
மாத்திரைக்குச் சம்பளம் தருகிறார்கள்.
மற்றதற்குப் பிரியாணியும் பெட்ரோலும்.
விடுவதாக இருந்தால் எதை விடுவது என்று
அவருக்குச் சந்தேகமே இல்லை.
எனக்கும் இல்லை. வேறு பதில்.

"இறக்குங்கள்" என்றேன்.

சிவப்பு ஒன்று. வாரை மாட்டி இடது கையை விட்டேன்.
தலை மெல்லச் சாய்ந்து தரையைப் பார்த்தது
சாமியாடி முடித்தவன் போல.
அடுத்தது பழுப்பு, மூன்றாம் கை, ஒரு திருகாணி இல்லை.
கையை விட்டேன். அப்படியே நின்றது.
நாலு தந்தியில் தடித்ததற்குப் பெயர் ஈ. குரல் எருமை.
இதில் அது கொஞ்சம் குழறியது,
பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறவர் மாதிரி.
தட்டைத் தந்தி போட்டால் சரியாகும் என்றேன்.
கடைக்காரர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

மூவாயிரத்து எண்ணூறு ரேண்ட்.
மூன்று கல்யாணம், ஒரு இருபத்தோராவது பிறந்தநாள்.

தயாளனின் கராஜில் முதல் ஒத்திகை.
இருட்டில் இறங்கும்போது
இல்லாத கடைசிப் படிக்குக் கால் நீட்டுவோமே,
அது என் இடது கைக்கு ஒவ்வொரு சுரத்திலும் நடந்தது.
பழைய வீட்டின் நீளத்துக்கே நடந்து
எல்லா இடத்தையும் தாண்டிப் போய் நின்றது.
மேகவதி பாட்டை நிறுத்திவிட்டாள்.
ப்ரகாசன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே
"வித்துவிடேன்" என்றான்.

அந்த வாரம் லோட் ஷெட்டிங்.
எட்டு மணிக்குத் தெருவே அணைந்தது.
ஆம்ப் செத்துப்போனால் பேஸ் ஒரு மரக்கட்டை.
ஆனால் சின்ன உடம்பு என்பதால்
அதன் மேல்கொம்புக்கு என் தாடை எட்டுகிறது.
எலும்பை மரத்தில் வைத்தேன். ஒற்றை அடி.
பல் வழியே ஏறிக் காதுக்குள் இறங்கியது எருமை.
வெளியே யாருக்கும் கேட்கவில்லை,
பக்கத்தில் மாதவிடாய் வலியோடு படுத்திருந்த மகளுக்கும்.
பத்தரை வரை மேலும் கீழும் நடந்தேன்.
மறுநாளும். அதற்கடுத்த நாளும்.
கண் தெரியாதபோது கை பொய் சொல்வதில்லை என்று
எழுதத் தோன்றுகிறது; சொன்னது.
செவ்வாய் முழுக்கச் சொன்னது.
வியாழக்கிழமைதான் நிறுத்தியது.

வெருலம் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாமாக்கள்
நாற்காலியை ஒதுக்கிவிட்டு ஆடினார்கள்.
சாமான் கட்டும்போது தயாளன் கேட்டான்:
"என்ன மாற்றினாய்?"
"நாலு அங்குலம்."
"எங்கே போச்சு?"
கார்க் கதவைத் திறந்து காட்டினேன்.
பின்சீட்டில் குறுக்காகக் கிடந்தது. கழுத்து
கியர் கம்பியை இடிக்கவில்லை.

ஞாயிறு காலை கப்பை ஒரு கையால் எடுத்தேன்.
சுட்டது.
வைத்துவிட்டேன்.